குழாயின் கடைசி அறை

உங்கள் வரைபடத்தைப் போன கிழமை பார்த்தேன். நல்ல வேலை. நகரத்தின் நடுவில் ஒரு குளிரூட்டும் நிலையம், அங்கிருந்து வீதிக்கு அடியில் குழாய்கள், ஒவ்வொரு மாடிக் கட்டிடத்துக்கும் குளிர்நீர். கூரைக்கு ஒரு இயந்திரம் இரைந்துகொண்டிருப்பதற்குப் பதிலாக ஊருக்கே ஒன்று. போட்ட செலவு எப்படித் திரும்பி வரும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் சரி. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். குழாய் போய் முடிகிற கடைசி இடத்தில் இருப்பது யார்? ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தீர்கள். பிறகு உங்களில் ஒருவர், "ஏதோ சின்ன இணைப்பு, சேர்" என்றார்.

அந்தச் சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறான் கிழவன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோபம் உங்கள் மேல் இல்லை. அதே சொல்லை ஒரு காலத்தில் நானும் அறிக்கையில் எழுதியவன்.

யுத்தம் முடிந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம். மன்னார்த் தீவின் வடகரையில் ஒரு மீன்பிடிக் கிராமம். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். ஐஸ் வெளியூரிலிருந்து லொறியில் வரும், வந்து சேரும்போது பாதி தண்ணீராக இருக்கும். பிடித்த மீனைப் பின்னேரத்துக்குள் விற்காவிட்டால் கருவாடு, இல்லாவிட்டால் குப்பை. வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று பணம் தருவதாகச் சொன்னது. வீட்டுக்கு ஒரு குளிர்ப்பெட்டி கொடுத்தால் மின்சாரக் கட்டணத்தில் செத்துப்போவார்கள். அதனால் ஒரே இடத்தில் குளிரூட்டும் நிலையம், அங்கிருந்து கரையோர வீதி வழியே குளிர்ந்த உப்புக் கரைசல் ஓடும் குழாய், குழாய் நெடுகிலும் சின்னச் சின்னக் குளிர் அறைகள், ஒவ்வொரு அறையிலும் சில குடும்பங்களுக்குப் பங்கு. நீங்கள் இப்போது நகரத்துக்குப் போடுகிற அதே கணக்கு. உங்களுடையதில் நெத்தலி வாசம் இல்லை, அவ்வளவுதான்.

அப்போது கொழும்பில் எனக்கு ஒரு மேலதிகாரி இருந்தார். தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் தந்தது. "குழாய் எண்டது மண்ணுக்குள்ள புதைச்ச காசு. மற்றப் பக்கத்தில ஒருத்தன் குளிரை இழுத்தாத்தான் அது திரும்பி மேல வரும்" என்பார். உண்மையான வார்த்தை. ஆனால் அதே மனிதர்தான் என்னை வழியனுப்பும்போது, நூற்றைம்பது குடும்பங்கள் எழுதித் தந்தால் பணம் வரும், அந்த எண்ணைக் கொண்டு வா, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றும் சொன்னார். நான் முதல் பாதியைக் காற்றில் விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் காதில் போட்டுக்கொண்டு போனேன்.

கோயில் மண்டபத்தில் ஒரு மேசையும் கதிரையும் தந்தார்கள். காலையில் உட்கார்ந்தேன், மத்தியானத்துக்கு முன்னமே படிவங்கள் முடிந்துவிட்டன. நூற்றைம்பது என்ன, இருநூறு கையெழுத்து. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் குடும்ப அட்டையின் பிரதி, அடையாள அட்டையின் பிரதி, சிலரிடம் முகாமில் கொடுத்த பழைய பதிவுத் துண்டு. நான் இதில் ஒன்றையும் கேட்கவில்லை. அவர்களாகவே கொண்டுவந்திருந்தார்கள். அந்த இடத்தில் என் மண்டையில் ஏதாவது தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

இருபது வருடம் அலைந்த சனம் அது. அரிசிக்குப் பதிவு, தறப்பாளுக்குப் பதிவு, வாளிக்குப் பதிவு, காணாமல் போன பிள்ளைக்குப் பதிவு. வரிசையைக் கண்டால் முதலில் போய் நிற்பது, எதற்கு என்று பிறகு கேட்பது. நிற்காதவனுக்கு அடுத்த முறை என்று ஒன்று கிடையாது. அந்தப் பழக்கத்தில் உயிர் தப்பியவர்கள் அவர்கள். நான் கொழும்பிலிருந்து போனவன், அப்படியொரு வரிசையில் ஒருநாளும் நின்றதில்லை. அதனால் அவர்கள் வைத்தது நிவாரணக் கையெழுத்து என்பது எனக்கு விளங்கவில்லை. நான் அதை வாடிக்கையாளரின் கையெழுத்து என்று எண்ணினேன். ஒரு வருடம் கழித்துப் படிவங்களைப் புரட்டும்போது ஒரு விலாசம் உயிலங்குளம் என்றிருந்தது. பெருநிலத்தில், வயலும் குளமுமாக இருக்கிற ஊர். தேடிப் போனேன். மனிதர் நெல் விதைக்கிறவர். கடலில் கால் நனைத்ததில்லை. அன்றைக்குத் தங்கச்சி வீட்டுக்கு வந்தாராம். "பேர் பதியினம் எண்டு சொன்னவை. நானும் வச்சனான். விட்டா பிறகு வராதுதானே" என்றார். தேத்தண்ணி தந்தார், குடித்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு வரிசையில் நின்றவர்களில் ஒருவர் மட்டும் கையெழுத்து வைக்காமல் படிவத்தை எடுத்துக்கொண்டு போய் மண்டபத்து வாசலில் உட்கார்ந்து வாசித்தார். ரெஜினா. நாற்பது வயது இருக்கும். தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்து திரும்பியவர், புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். போகும்போது சின்னப் பெட்டை, வரும்போது பேச்சே மாறிவிட்டது. எல்லோரும் என்னைச் 'சேர்' என்பார்கள், இவர் 'சார்' என்பார். ஊர்ப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வாசித்து முடித்துவிட்டு மேசைக்கு வந்தார்.

"என்ன கிடைக்கும்னு எல்லாரும் சொல்லிட்டாங்க சார். நான் என்ன குடுக்கணும்னு நீங்க சொல்லுங்க."

மாதக் கட்டணம், அறையைக் கட்டுவது அவரவர் பொறுப்பு, குறைந்தது இரண்டு வருடம் விலக முடியாது என்று சொன்னேன். காலையிலிருந்து இதை நான் சொன்ன முதல் ஆள் அவர்தான், ஏனென்றால் கேட்ட முதல் ஆளும் அவர்தான். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. வரிசை நிற்கிறதே, இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"முகாம்ல ஒரு தடவை வாசிக்காம வச்சேன் சார். எங்கம்மாவை வேற பட்டியல்ல போட்டுட்டாங்க. நான் இங்க வந்தேன், அவங்க அங்கயே செத்துட்டாங்க."

அடுத்த நாள் வந்து கையெழுத்து வைத்தார்.

நிலையம் வந்தது. திறப்பு விழா, ரிப்பன், மாலை. குழாய் ஒரு கிலோமீற்றருக்கு மேல் மண்ணுக்குள் போனது. மேலே நடக்கிறவருக்கு அது தெரியாது, ஆனால் மன்னார்க் கழுதைகளுக்குத் தெரியும். காப்புறை கிழிந்த இடங்களில் மண் குளிர்ந்திருக்கும். வெயில் ஏறியதும் சரியாக அந்த இடங்களில் போய்ப் படுத்துக்கொள்ளும். எங்கே இழப்பு என்று கண்டுபிடிக்க எனக்குக் கருவி தேவைப்படவில்லை, கழுதைகளை எண்ணினால் போதும். எங்கள் நிலையத்தின் மிக விசுவாசமான வாடிக்கையாளர்கள் அவைதான் என்று பொறுப்பாளர் அன்சார் சொல்வார். அதே தீவில் உள்ள தாராபுரத்துக்காரர், புத்தளத்து முகாமிலிருந்து திரும்பியவர், நல்ல தொழிலாளி.

அவர் பகிடியாகச் சொன்னாலும் அதுதான் நிலைமை. கையெழுத்து வைத்தவர்களில் பத்தில் ஒருவர்கூட வரவில்லை. பலரிடம் படகே இல்லை. படகு இருந்தவர்கள் பிடித்ததைக் கரையிலேயே மீன் வாங்கும் முதலாளியின் ஆளிடம் நிறுத்துக் கொடுத்துவிடுவார்கள். வைத்து விற்க அவர்கள் கையில் மீன் தங்கவே இல்லை. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பின்னேரம் கரையில் நின்றிருந்தால் போதும். நான் மண்டபத்தில் கதிரையில் இருந்தேன்.

பெரிய இயந்திரம் சின்ன வேலைக்கு ஓடினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். செலவு அதேதான், வரவு இல்லை. ஆறு மாதத்தில் மூடச் சொல்லிவிடுவார்கள் என்ற நிலை. அப்போதுதான் நான் அந்த முதலாளியிடம் போனேன். கரையில் மீன் வாங்குகிறவர், கொழும்புக்கு அனுப்புகிறவர். நிலையத்துக்குப் பக்கத்திலேயே நான்கு அறைகளை எடுக்கச் சம்மதித்தார். பாதிக்கு மேல் வருமானம் அவர் ஒருவரிடமிருந்தே வரும். அவர் போட்ட நிபந்தனை ஒன்று. என்ன நடந்தாலும் அவருடைய அறைகளுக்குத்தான் முதலில் குளிர். கொந்தராத்து ஒப்பந்தத்தில் அதை எழுதினோம். நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். நீங்கள் உங்கள் பதினெட்டாம் பக்கத்தில் 'நங்கூர வாடிக்கையாளர்' என்று அழகாக எழுதியிருக்கிறீர்களே, அவர்தான் இவர்.

குழாயின் மறுமுனையில், கடைசி அறை ரெஜினாவுடையது. எட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு நண்டு வேலை தொடங்கியிருந்தார். நண்டை அவித்து, சதையைப் பிடுங்கி, பெட்டியில் அடைத்துக் குளிரில் வைத்து விற்பது. சதை பிடுங்கிய நண்டு வெளியில் சில மணித்தியாலம்கூடத் தாங்காது. குளிர் இருந்தால் முதலாளிக்குக் கொடுக்காமல் நேரே கொழும்பில் ஒரு ஹோட்டல்காரருக்குக் கொடுக்கலாம். அந்த அறையை அவர் எதில் கட்டினார் தெரியுமா? வீட்டுத்திட்டக் காசில். திரும்பி வந்தவர்களுக்கு வீட்டுக் காசு கட்டம் கட்டமாக வரும். அத்திவாரம் போட்டால் அடுத்த கட்டம், சுவர் எழும்பினால் அதற்கடுத்தது. ரெஜினா அத்திவாரத்தோடு வீட்டை நிறுத்திவிட்டு, சுவருக்கு வந்த காசில் நண்டு அறையைக் கட்டினார். பிள்ளைகளோடு தறப்பாள் கொட்டிலிலேயே இருந்தார். கந்தோரில் அதிகாரிகளுக்குத் தெரிந்தால் மிச்சக் கட்டம் நின்றுவிடும். முதல் லொறி ஏறினால் சுவரை எழுப்பிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. என் கணக்கைவிட நல்ல கணக்கு.

முதல் லொறி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வருவதாக இருந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்களுடைய இரண்டு கொம்பிரசர்களில் ஒன்று நின்றது. மற்றது ஏற்கெனவே கழற்றிக் கிடந்தது, அதற்குரிய சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும். அவசரத்துக்கு வைத்திருந்த சின்னது ஒன்றை ஓட்டினோம். அது கால்வாசிக் குளிர்கூடத் தராது. சோழகக் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. முதலாளியின் அறைகளில் சூடு ஏறத் தொடங்கியது. அவருடைய ஆள் வந்து வாசலில் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

குழாய் நெடுகிலும் கரைசலை ஓட்டினால் யாருக்கும் போதாது. குழாயின் வாலைத் துண்டித்துவிட்டால் முதலாளியின் அறைகளைக் காப்பாற்றலாம். அவர் போனால் நிலையம் மூடும், நிலையம் மூடினால் ரெஜினாவின் அறையும் சேர்ந்துதான் மூடும். இதை நான் அன்றைக்கு எனக்குச் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அந்தத் தர்க்கத்தில் பிழை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அன்சாரிடம் கடைசி வால்வைப் பூட்டச் சொன்னேன்.

அன்சார் போகாமல் நின்றார்.

"அந்த அக்காட்டச் சொல்லிட்டுப் பூட்டட்டா, சேர்?"

"வேண்டாம். ரெண்டு மணித்தியாலத்தில சரியாகிடும். சும்மா பதறுவா."

"நாளைக்கு அவவுக்கு லொறி, சேர்."

"தெரியும். பூட்டுங்கோ."

பிள்ளைகள், கேளுங்கள். வால்வைப் பூட்டியதற்காக நான் இதை எழுதவில்லை. சொல்லாமல் பூட்டியதற்காக எழுதுகிறேன். பதறுவார் என்பது பொய். உண்மையில் பயந்தது நான். ஒன்பது பெண்களும் எழுந்து வந்து நிலைய வாசலில் நின்றால் என்ன செய்வது? முதலாளியின் ஆள் முன்னால் என் முகத்தை எங்கே வைப்பது? ஏன் அவருக்கு, ஏன் எங்களுக்கு இல்லை என்று அந்த மனுஷி ஒரு கேள்வி கேட்டால் கொந்தராத்தைக் காட்டவா? அந்தக் கேள்வியை எதிர்கொள்ளத் துணிவில்லாமல் இரண்டு மணித்தியாலம் என்று ஒரு எண்ணைக் கண்டுபிடித்தேன். எண்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரு வசதி. பயத்துக்கும் ஒரு எண் போட்டுவிடலாம்.

இரண்டு மணித்தியாலம் நான்கானது, நான்கு எட்டானது. கழற்றிக் கிடந்ததன் உறுப்பை எடுத்து நின்றதில் பொருத்தி, அது பொருந்தாமல், ராவி, திரும்பப் பொருத்தி, எண்ணெயில் குளித்து, சாப்பாடு தண்ணி இல்லாமல் நின்றோம். ஒவ்வொரு மணித்தியாலமும் இன்னும் ஒன்றில் முடிந்துவிடும் என்று நம்பினேன். ஒரு ஆளை அனுப்ப ஐந்து நிமிடம் போதும். காலையிலேயே சொல்லியிருந்தால் ரெஜினா மீனவர் சங்கத்தில் ஐஸ் வாங்கியிருப்பார், மன்னார் டவுனுக்கு ஓட்டோ பிடித்திருப்பார், ஒன்றுமே முடியாவிட்டால் மூன்று நாள் சேர்த்த சதையை வந்த விலைக்கு முதலாளியிடமே தள்ளியிருப்பார். நட்டம் வந்திருக்கும், ஆள் மிஞ்சியிருப்பார். அவர்களோ கதவைத் திறந்தால் குளிர் போய்விடும் என்று அன்று முழுக்கக் கதவைத் திறக்கவே இல்லை. அப்படித்தான் நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். சொன்னதை அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்தார்கள்.

ஐந்து மணிக்கு இயந்திரம் பிடித்தது. நானே நடந்து போய் வால்வைத் திறந்தேன். அப்போது ரெஜினா அன்று பின்னேரம் பிடுங்கிய சதையை வைக்க வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தார். நாற்றம் முதலில் வந்தது. அவர் ஒரு பெட்டியைத் திறந்தார், இரண்டாவதைத் திறந்தார், மூன்றாவதைத் திறக்கவில்லை. என் கையில் வால்வுச் சாவி இருந்தது. அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்ப பூட்டினீங்க சார்?"

"காலமை. ஒன்பதரைக்கு."

"இங்கதானே இருந்தோம். காலையில இருந்து இங்கதானே இருந்தோம்."

என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பெண்கள் பெட்டிகளைக் கரைக்குத் தூக்கிப்போய்க் குழி தோண்டிப் புதைத்தார்கள். நானும் மண்வெட்டி ஒன்றைக் கேட்டேன். ஒருவரும் தரவில்லை.

காலையில் லொறி வந்து வெறுமனே திரும்பிப் போனது. ஹோட்டல்காரர் மறுபடி கேட்கவில்லை. நான் கொழும்புக்கு அறிக்கை அனுப்பினேன்: 'சிறு முனை இணைப்பு ஒன்று தற்காலிகமாக நிறுத்தப்பட்டது, பிரதான வாடிக்கையாளருக்குப் பாதிப்பில்லை.' நெருக்கடியை நன்றாகச் சமாளித்ததாக மேலதிகாரி பாராட்டினார். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழித்துப் போடத் தோன்றும், போடுவதில்லை.

முதலாளிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டு வருடம் எங்களோடு இருந்தார். பிறகு சொந்தமாக இயந்திரம் வாங்கிப் பொருத்திக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவரால் முடியும், போனார். நிலையம் அடுத்த மாதம் மூடியது. யாரைக் காப்பாற்ற எல்லாவற்றையும் கொடுத்தேனோ, அவருக்குத்தான் எங்கள் தேவை ஒருநாளும் இருக்கவில்லை. வேறு வழியே இல்லாமல் எங்களை நம்பி இருந்தவர் குழாயின் மற்ற முனையில் இருந்தார். பதினெட்டாம் பக்கத்தை இன்னொரு முறை வாசியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். போகக்கூடியவர் யார், போக முடியாதவர் யார் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். அதை எழுதும்போது கதிரையில் இருக்காதீர்கள், போய் வாசலில் நில்லுங்கள்.

ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பது நிலையம் மூடியதல்ல. அதற்கு முன்னர் நடந்த ஒன்று.

நண்டு புதைத்து நான்கு மாதத்துக்குப் பிறகு, கெஞ்சி வாங்கிய ஒரு சின்ன நட்டஈட்டுப் படிவத்தோடு ரெஜினாவைத் தேடிப் போனேன். வீட்டுக்காசின் மிச்சக் கட்டம் நின்றுபோயிருந்தது. கந்தோரில் யாரோ சொல்லிவிட்டார்கள். அத்திவாரத்துக்குள் எருக்கலை முளைத்திருந்தது. அவர் கொட்டிலில் இல்லை, முதலாளியின் கொட்டகையில் நாட்கூலிக்கு நண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார். பழைய பெண்களில் நாலு பேர் பக்கத்தில் இருந்தார்கள். நான் போனதும் எழுந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். மரியாதையாகத்தான் வந்தார்.

இரண்டு பக்கப் படிவம். இரண்டாம் பக்கத்தில், இதை வாங்கினால் இனி நிலையத்தின் மேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. அது எனக்குத் தெரியும். அவர் வாசிப்பார், கேட்பார், அந்த வரியை நானே வெட்டிவிடலாம், மேலிடம் என்னைக் கேட்டால் கேட்கட்டும் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போயிருந்தேன். கேள்விக்குப் பதிலைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

படிவத்தை நீட்டினேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க வைக்கணும் சார்?" என்றார்.

வாசியுங்கோ அம்மா என்றேன். கை ஈரமாக இருக்கிறது, வேலை கிடக்கிறது, பரவாயில்லை என்றார். நான் விரலால் இடத்தைக் காட்டினேன். வைத்துவிட்டுப் பேனாவைத் தந்தார். உள்ளே போகும்போது பின்னால் இருந்த பெண் என்ன படிவம் என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"தெரியல. பேர் பதியிறாங்க" என்றார் ரெஜினா.